நடுவில் நிற்கும் ரேடியோ

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அதன் இறக்கையும் பேட்டரியும் மட்டுமே முடிவு செய்வதில்லை. ஓட்டுபவரின் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் அலை விமானத்திலுள்ள ரிசீவருக்கு எட்டும் வரைதான் அது அவர் சொன்னபடி கேட்கும். அலை எட்டாத இடத்துக்கும் விமானத்தை அனுப்ப வேண்டுமானால், இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு ரேடியோ நிலையம் தேவைப்படுகிறது. கட்டளையைக் கையிலிருந்து வாங்கி, புதிய அலையாக்கி, விமானத்துக்கு அனுப்பும் அந்த நிலையம்தான் ரிலே.

பொழுதுபோக்காக விமானம் ஓட்டுவோர் கட்டும் ரிலே பெரும்பாலும் ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்குள் அடங்கிவிடும். உள்ளே ஒரு ரிசீவர், ஒரு டிரான்ஸ்மிட்டர், இரண்டையும் இணைக்கும் கம்பி, ஒரு பேட்டரி. கையிலுள்ள கருவி 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும். பெட்டி அதைக் கேட்டு, 433 அல்லது 868 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்ணில் விமானத்துக்குச் சொல்லும். பெட்டி மொட்டை மாடியிலோ உயரமான கம்பத்திலோ குன்றின் மேலோ இருக்க, ஓட்டுபவர் கீழே மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். நீண்ட ஆன்டெனாவையும் கனமான டிரான்ஸ்மிட்டரையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் தொல்லை இல்லை. பலர் ரிலே கட்டத் தொடங்கியதே இந்த வசதிக்காகத்தான்.

தூரத்தின் கணக்கு

ரேடியோ அலை பரவப் பரவ மெலிகிறது. தூரம் இரு மடங்கானால் கிடைக்கும் ஆற்றல் கால் பங்காகக் குறையும். டெசிபல் கணக்கில் இது 6 டெசிபல் இழப்பு. 2.4 கிகாஹெர்ட்ஸில், தடையே இல்லாத வெட்டவெளியில், ஒரு கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 100 டெசிபல் போய்விடுகிறது. அதாவது, அனுப்பியதில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. 100 மில்லிவாட் அனுப்பினால், மறுமுனையில் கிடைப்பது ஒரு வாட்டில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு.

இவ்வளவு மெலிந்த அலையையும் இன்றைய ரிசீவர்கள் சிரமமில்லாமல் படித்துவிடுகின்றன. பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் சைக்லியோ என்ற நிறுவனம் உருவாக்கி, 2012இல் அமெரிக்காவின் செம்டெக் விலைக்கு வாங்கிய ‘லோரா’ முறைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அதிர்வெண்ணைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகும் அலைத் துண்டுகளாகச் செய்தியை அனுப்புவது அதன் உத்தி. இரைச்சலுக்கு அடியில் புதைந்துபோன செய்தியையும் இதனால் தோண்டி எடுக்க முடிகிறது. இந்த முறையில் இயங்கும் ஒரு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர், ஒரு கிலோமீட்டரில் கிடைப்பதைவிட முந்நூறு மடங்கு மெலிந்த அலையையும் படிக்கும். காகிதத்தில் அது 17 கிலோமீட்டருக்கும் மேல் வருகிறது. விமானம் சாய்வதாலும் ஆன்டெனா திரும்புவதாலும் வரும் இழப்புக்கென 12 டெசிபலை ஒதுக்கினால் தூரம் நாலில் ஒரு பங்காகி, ஏறத்தாழ நாலரை கிலோமீட்டரில் நிற்கும்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ரிலேயைப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பாதையின் சரிபாதியில் ரிலேயை நிறுத்தினால், கையிலிருந்து ரிலேக்கு, ரிலேயிலிருந்து விமானத்துக்கு என ஒவ்வொரு தாவலும் பாதி தூரமாகிறது. அதனால் கிடைக்கும் ஆதாயம் வெறும் 6 டெசிபல். டிரான்ஸ்மிட்டரை 100 மில்லிவாட்டிலிருந்து 400 மில்லிவாட்டுக்கு உயர்த்தினாலும் அதே 6 டெசிபல் கிடைக்கும். ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் உடாவும் யாகியும் 1926இல் உலகுக்குச் சொன்ன, இன்றும் வீட்டுக் கூரைகளில் காணக்கூடிய யாகி ஆன்டெனா ஒன்றை மாட்டினால் அதைவிடவும் கூடுதலாகக் கிடைக்கும். வெட்டவெளியில் தூரத்துக்காக மட்டும் ரிலே கட்டுவது வீண் வேலை.

அதிர்வெண்ணைக் குறைப்பதால் வரும் ஆதாயம் இதைவிடப் பெரியது. அதே ஒரு கிலோமீட்டரில் 433 மெகாஹெர்ட்ஸின் இழப்பு 85 டெசிபல்தான். 2.4 கிகாஹெர்ட்ஸைவிட 15 டெசிபல் குறைவு, அதாவது முப்பது மடங்கு ஆற்றல் கூடுதல். உயர்ந்த அதிர்வெண்ணைக் காற்று உறிஞ்சிவிடுகிறது என்று பலர் இதற்குக் காரணம் சொல்வார்கள். இந்தத் தூரங்களில் அது உண்மையல்ல. கால் அலைநீள ஆன்டெனா 2.4 கிகாஹெர்ட்ஸில் 3 சென்டிமீட்டர். 433 மெகாஹெர்ட்ஸில் 17 சென்டிமீட்டர். பெரிய ஆன்டெனா பெரிய பரப்பிலிருந்து அலையை அள்ளுகிறது, அவ்வளவுதான்.

தடையின் கணக்கு

ரிலேயின் உண்மையான தேவை தடை வரும்போதுதான் தெரியும். இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையே நேர்கோடு தெளிவாக இருந்தால் போதாது. அந்தக் கோட்டைச் சுற்றி, நடுவில் பருத்தும் இரு முனைகளில் குறுகியும் உள்ள ஒரு வெளி முழுக்க அலை பயணம் செய்கிறது. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிவியலாளர் ஃபிரெனலின் பெயரால் அது ஃபிரெனல் மண்டலம் எனப்படுகிறது. 10 கிலோமீட்டர் பாதையின் நடுவில் அதன் ஆரம் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 18 மீட்டர், 433 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 42 மீட்டர். இதில் 60 சதவீதமாவது காலியாக இருந்தால்தான் வெட்டவெளிக் கணக்கு செல்லும். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கையில் பிடித்த டிரான்ஸ்மிட்டருக்கு, விமானம் தாழ்ந்து பறக்கும்போது, இது கிடைப்பதே இல்லை. தோப்பும் வீடுகளும் மின்கம்பங்களும் மண்டலத்துக்குள் வந்துவிடும்.

தடை நேர்கோட்டைத் தொட்டாலே 6 டெசிபல் போய்விடும். அதே 10 கிலோமீட்டர் பாதையின் நடுவில், நேர்கோட்டுக்கு மேல் 30 மீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு குன்று 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபலை விழுங்கிவிடும். அதை ஆற்றலால் ஈடுகட்ட டிரான்ஸ்மிட்டரை நூறு மடங்கு பெருக்க வேண்டும். குன்றின் உச்சியில் ஒரு ரிலேயை வைத்தால் அந்த 20 டெசிபல் மொத்தமும் திரும்பக் கிடைக்கிறது. கூடவே பாதி தூரத்துக்கான 6 டெசிபலும். கொடைக்கானல் மலையில் வானொலி, தொலைக்காட்சிக் கோபுரங்கள் எழுந்ததற்கும் இதே கணக்குதான் காரணம்.

பூமியின் வளைவு இந்த விளையாட்டில் அவ்வளவாகக் குறுக்கிடுவதில்லை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் வரும். கையிலுள்ள கருவிக்கு 5 கிலோமீட்டர், 10 மீட்டர் கம்பத்துக்கு 13 கிலோமீட்டர், 120 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு 45 கிலோமீட்டர். இரு முனைகளின் தொடுவானத்தையும் கூட்டிக்கொள்ளலாம் என்பதால், மேலே பறக்கும் விமானத்தோடு கையிலிருந்தே 50 கிலோமீட்டர் வரை நேர்ப்பாதை உண்டு. சிக்கல் விமானம் தாழும்போது வருகிறது, அதுவும் பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் மரத்தால்.

ஒரு குன்று என்ன செய்யும் என்பதற்குப் பூமிக்கு வெளியிலும் சான்று உண்டு. செவ்வாய்க் கோளில் 2021 ஏப்ரல் 19 முதல் 2024 ஜனவரி 18 வரை 72 முறை பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர் பூமியோடு நேரடியாகப் பேசியதே இல்லை. சென்னை ஐஐடியில் படித்த பாப் பலராம் தலைமைப் பொறியாளராக இருந்து உருவாக்கிய அந்தச் சிறு கலத்தில், 900 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்கும் ஜிக்பீ வகை ரேடியோ ஒன்று இருந்தது. ஆயிரம் மீட்டர் வரை எட்டும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது அது. பெர்சிவரன்ஸ் ஊர்தி அதன் ரிலே. ஊர்தியிடமிருந்து செவ்வாயைச் சுற்றும் கலங்களுக்கும், அங்கிருந்து பூமிக்கும் தகவல் போனது. அலை ஒருவழி போகவே பல நிமிடங்கள் ஆகும் என்பதால் அதை நேரடியாக ஓட்ட முடியாது. முன்கூட்டியே கட்டளை அனுப்பிவிட வேண்டும், அது தானே பறக்கும். 2023 ஏப்ரல் 26 அன்று, 52ஆவது பறத்தலில் 363 மீட்டர் கடந்து அது தரையிறங்கிக்கொண்டிருந்தபோது ஊர்திக்கும் அதற்கும் நடுவே ஒரு குன்று வந்தது. தொடர்பு அறுந்தது. ஊர்தி அந்தக் குன்றைக் கடந்து நேர்ப்பாதைக்கு வந்தபின், ஜூன் 28 அன்றுதான் மறுபடி அதன் குரல் கேட்டது. 63 நாள் மௌனம். கலத்தில் எந்தப் பழுதும் இல்லை.

பெட்டிக்குள் நடப்பது

ரிலே இரண்டு விதமாக இயங்கலாம். வரும் அலையை அப்படியே பெருக்கி வேறு அதிர்வெண்ணில் அனுப்புவது ஒன்று. அதில் இரைச்சலும் சேர்ந்து பெருகும். கட்டளையை முழுதாகப் படித்து, எண்ணாக்கி, புதிதாக எழுதி அனுப்புவது மற்றொன்று. கட்டுப்பாட்டு ரிலேக்கள் இரண்டாம் வகை. முதல் தாவலில் சேர்ந்த இரைச்சல் இரண்டாம் தாவலுக்குப் போகாது.

ரிசீவரிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்குக் கட்டளை போகும் கம்பியில் பழைய வழக்கம் பி.பி.எம். என்னும் துடிப்பு வரிசை. கைக்கருவிகளில் ‘டிரெய்னர்’ என்றொரு துளை இருக்கும். ஆசிரியரும் மாணவரும் இரண்டு கருவிகளைக் கம்பியால் இணைத்து ஒரே விமானத்தை ஓட்டப் பழகுவதற்காக வைக்கப்பட்டது அது. அதில் வருவதும் இதே வரிசைதான் என்பதால், நீண்ட தூர டிரான்ஸ்மிட்டர்களைச் செய்தவர்கள் அதையே நுழைவாயிலாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சேனலுக்கும் 1 முதல் 2 மில்லிவினாடி வரை ஒரு காலத்துண்டு. ஸ்டிக் நடுவில் இருந்தால் 1.5. எட்டுச் சேனல்கள் முடிந்ததும் ஒரு நீண்ட இடைவெளி, பிறகு மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 22 மில்லிவினாடி.

பின்னால் வந்த எஸ்-பஸ் முறை 25 பைட்டுகளில் 16 சேனல்களை அடக்கி, 3 மில்லிவினாடியில் அனுப்பிவிடுகிறது. அதில் ஒரு வம்பு உண்டு. அதன் மின்னழுத்தம் வழக்கமான தொடர்வரிசைத் தகவலுக்கு நேர்மாறானது. மேலே இருக்க வேண்டியது கீழே இருக்கும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டரை வைத்துத் திருப்பிவிடாவிட்டால் மறுபக்கம் எதுவும் புரியாது. கம்பி சரியாக இருக்கிறது, மின்சாரம் வருகிறது, ஆனால் எதுவுமே அசையவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இரண்டு தாவல்களும் நடுக்கம்பியும் சேர்ந்து கட்டளையைத் தாமதப்படுத்தும். பி.பி.எம். பயன்படுத்தும் மெதுவான அமைப்பில் இது 50 மில்லிவினாடி வரை போகலாம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் அந்த நேரத்தில் ஒரு மீட்டர் நகர்ந்திருக்கும். வளையங்களுக்குள் புகுந்து போகும் பந்தய டிரோனுக்கு இது ஒத்துவராது. அமைதியாக மிதந்து போகும் நீண்ட தூர விமானத்துக்குப் பொருட்டே அல்ல.

கம்பத்தின் மேல்

பெட்டியைக் கீழே வைத்து, ஆன்டெனாவை மட்டும் கம்பத்தின் மேல் ஏற்றுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபலைத் தின்னும். பத்து மீட்டர் கேபிளின் மறுமுனையில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவுக்கு ஒட்டியே மேலே இருக்க வேண்டும். மின்சாரமும் கட்டளைக் கம்பியும் மட்டும் கீழிருந்து ஏறட்டும்.

முதல் தாவலின் ரிசீவரை அதே உச்சியில் வைக்கத் தேவையில்லை. உயரத்தில் இருக்கும் ரிசீவர் ஓட்டுபவரை மட்டுமல்ல, ஊரிலுள்ள வைஃபை ரூட்டர்கள் அத்தனையையும் கேட்கும். ஓட்டுபவர் சில நூறு மீட்டருக்குள் இருக்கிறார் என்றால், அவரைப் பார்த்தபடி கம்பத்தின் பாதி உயரத்தில் அதைப் பொருத்துவதே நல்லது.

இரண்டையும் பிரித்து வைக்க இன்னொரு வலுவான காரணம் உண்டு. 868 மெகாஹெர்ட்ஸில் ஒரு வாட் அனுப்பும் ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டரில் ரிசீவர் இருந்தால், அதன் ஆன்டெனாவைத் தாக்கும் ஆற்றல், அது கேட்க முயலும் மெல்லிய அலையைப்போல 2,500 கோடி மடங்கு. அதிர்வெண் வேறு என்றாலும் ரிசீவரின் முதல் கட்டம் திணறிப்போகும். சில மீட்டர் செங்குத்து இடைவெளியும், வேண்டாத பட்டையைத் தடுக்கும் ஃபில்டரும் இதற்கு மருந்து. இரு தாவல்களையும் ஒரே பட்டையில் வைத்தால் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாது. கேட்டு முடித்துவிட்டுப் பேச வேண்டும், வேகம் பாதியாகும்.

டிரான்ஸ்மிட்டரிலிருந்து மடங்கு அதிர்வெண்களில் கசியும் அலையையும் கவனிக்க வேண்டும். 433ஐ மூன்றால் பெருக்கினால் 1,299. தொலைதூர வீடியோவுக்குப் பலர் பயன்படுத்தும் 1.3 கிகாஹெர்ட்ஸின் மேலேயே அது வந்து விழுகிறது. மலிவான 433 டிரான்ஸ்மிட்டரை இயக்கியதும் திரையில் கோடுகள் ஓடுவது இதனால்தான்.

ஆன்டெனாவைப் பொறுத்தவரை, இரு முனைகளும் ஒரே திசையில் நிமிர்ந்திருக்க வேண்டும். ஒன்று நிமிர்ந்தும் மற்றது படுத்தும் இருந்தால் 20 டெசிபல் வரை போய்விடும். ஒரு குன்றின் இழப்புக்குச் சமம்.

எந்தப் பட்டையில் பேசுவது என்பதை இயற்பியல் மட்டும் முடிவு செய்வதில்லை. அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கிறது. ஐரோப்பாவில் 868ஐ ஒட்டிய பட்டை. இந்தியாவில் 865 முதல் 868 வரை, 1 வாட்டுக்கு மிகாமல், 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். 890 முதல் 915 வரை இங்கே செல்பேசிகள் கோபுரத்தோடு பேசும் பட்டை. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த 915 கருவியை வாங்கி இங்கே இயக்கினால் அது அக்கம்பக்கத்துச் செல்பேசிக் கோபுரத்தின் காதில் போய்க் கத்தும்.

எப்போது வாயை மூட வேண்டும்

ரிலேயில் ஆபத்தான இடம் இதுதான். நேரடித் தொடர்பில் அலை அறுந்தால் விமானத்தின் ரிசீவருக்கு அது உடனே தெரிந்துவிடும். முன்பே சொல்லிவைத்தபடி மோட்டாரை நிறுத்தும், வட்டமிட்டு இறங்கும், அல்லது ஜிபிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டு புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும். இந்த ஏற்பாட்டின் பெயர் ஃபெயில்சேஃப். நடுவில் ரிலே வந்ததும் இது குழம்பிவிடுகிறது. அறுந்தது முதல் தாவல் என்றால், இரண்டாம் தாவல் இன்னமும் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும். ரிலேயின் ரிசீவர் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்து வைத்திருந்தால், டிரான்ஸ்மிட்டர் அதையே விமானத்துக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும். விமானத்தின் பார்வையில் தொடர்பு அருமையாக இருக்கிறது. கடைசிக் கட்டளை முழு வேகத்தில் நேராகப் போ என்பதாக இருந்தால், பேட்டரி தீரும் வரை அது நேராகப் போய்க்கொண்டிருக்கும்.

பி.பி.எம். வரிசையில் ‘கேட்கவில்லை’ என்று சொல்ல இடமே கிடையாது. துடிப்பையே நிறுத்திவிடுவது ஒன்றுதான் வழி. ரிலேயின் ரிசீவரைத் தொடர்பு அறுந்தால் துடிப்பு அனுப்பாதபடி அமைக்க வேண்டும். துடிப்பு வராவிட்டால் டிரான்ஸ்மிட்டரும் ஒலிபரப்பை நிறுத்த வேண்டும். எல்லா டிரான்ஸ்மிட்டர்களும் நிறுத்துவதில்லை. சில பழைய மதிப்பையே தொடர்ந்து அனுப்பும். அவை ரிலேக்கு உதவா. எஸ்-பஸ்ஸின் 24ஆவது பைட்டில் இதற்கென்றே ஒரு பிட் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதைப் படித்து நடந்துகொள்ளும் மென்பொருள் மறுமுனையில் இருந்தால்தான் பயன்.

பேட்டரி தீர்ந்து ரிலே அணைந்துபோவது, இதோடு ஒப்பிட்டால், நல்ல விதமான பழுது. விமானம் உடனே அறிந்துகொள்ளும். 11.1 வோல்ட், 2,200 மில்லியாம்பியர்-மணி பேட்டரி, 5 வாட் உண்ணும் பெட்டியை ஏட்டுக் கணக்கில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஓட்டும்.

நகரும் ரிலே

குன்று இல்லாத இடத்தில் ரிலேயையே பறக்கவிடலாம். ஒரு மல்டிகாப்டர் மேலே நின்று ரிலே செய்ய, இன்னொன்று தாழப் பறந்து போகும். 2022இல் பெரிதாக வெடித்த உக்ரைன் போரில், தாழப் பறக்கும் சிறு டிரோன்களுக்காகப் பறக்கும் ரிலேக்களை இரு தரப்பும் பயன்படுத்துகின்றன. அரை மணியில் பேட்டரி தீர்வதும், காற்றில் சாயும்போது ஆன்டெனாவும் சாய்வதும் இதன் குறைகள்.

ரேடியோவை நம்பாமலிருப்பதும் ஒரு வழி. 2003 ஆகஸ்டில் மேனார்ட் ஹில் என்ற 77 வயது அமெரிக்கரின் குழு, 5 கிலோவுக்கும் குறைவான மாதிரி விமானத்தைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு அனுப்பியது. ஏறத்தாழ 39 மணி நேரம், 3,000 கிலோமீட்டர். ஓட்டுபவரின் ரேடியோ தேவைப்பட்டது கிளம்பும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான். நடுக்கடலில் ஜிபிஎஸ்ஸும் தானியங்கிக் கருவியும் ஓட்டின. மனிதக் கை கணத்துக்குக் கணம் தேவைப்படாத பயணத்துக்கு ரிலேயைவிட நல்ல தானியங்கிக் கருவி மலிவு, பத்திரமும்கூட. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் கண்ணுக்குத் தெரியும் தொலைவைத் தாண்டிப் பறக்கவிட தனி அனுமதி வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தரையில் ஒரு சோதனை

ரிலேயைக் கட்டி முடித்ததும் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கவே கை பரபரக்கும். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விமானத்தின் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, கைக்கருவியை அணைக்க வேண்டும். ரிலே ஓடிக்கொண்டே இருக்க, மோட்டார் ஓரிரு வினாடிகளில் தானே நிற்க வேண்டும். அடுத்து கைக்கருவியை இயக்கிவிட்டு ரிலேயை அணைத்து இதையே செய்ய வேண்டும். பிறகு நடுக்கம்பியை மட்டும் பிடுங்கிப் பார்க்க வேண்டும். இந்த மூன்றிலும் மோட்டார் நின்ற பிறகுதான் டிரான்ஸ்மிட்டரின் ஆற்றலைக் குறைத்து வைத்துக்கொண்டு நடந்து போய்த் தூரம் அளக்கலாம். மூன்றில் ஒன்றில் நிற்காவிட்டாலும் அந்த ரிலேயை நம்பி விமானத்தை மேலே அனுப்பக் கூடாது.